முதல் சுற்றில் விழுந்த குடம்

ரெட்டிபாளையத்தில் சிமெண்டு மூட்டை ஏற்றும் வேலையில் பத்து வருஷத்துக்கு மேல் இருந்தேன். எப்போதும் இடது தோள்தான். தொண்ணூற்றெட்டு வாக்கில், அந்தக் கையைத் தூக்கிப் பிடித்தால் சுண்டுவிரலும் பக்கத்து விரலும் மரத்துப்போக ஆரம்பித்தன. நான் கையை உதறிக்கொண்டு நிற்பதைப் பார்த்துக் கூட்டாளிகள் என் பெண்டாட்டியை இழுத்துச் சிரிப்பார்கள்.

“என்ன மாப்ள, தங்கச்சிக்கு ராத்திரி பூரா உன் கைதான் தலகாணியா?”

நானும் சிரித்துவைப்பேன். வலிக்கிறது என்று யாரிடமும் சொன்னதில்லை.

அடுத்த வருஷம் அப்பா இறந்தார். நான் ஒரே மகன். விக்கிரமங்கலம் சுடுகாட்டில் தண்ணீர்க் குடத்தை இடது தோளில் வைத்து, கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு அப்பாவைச் சுற்றினேன். மூன்று சுற்று வரவேண்டும். சுற்றுக்கு ஒரு ஓட்டை போடுவார்கள். மூன்றும் முடிந்த பிறகுதான் குடத்தைப் பின்னால் போட்டு உடைக்கவேண்டும். எனக்கு முதல் சுற்றில் பாதி வருவதற்குள் விரல்கள் செத்துவிட்டன. குடம் நழுவி விழுந்து உடைந்தது.

பெரியப்பா எல்லார் முன்னாலும் கேட்டார். “பெத்தவனுக்குக் கொள்ளி வைக்கக்கூட ஊத்திக்கிட்டுத்தான் வருவியாடா?”

அன்று நான் பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அதைச் சொல்ல வாய் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு கொள்ளி வைத்தேன்.

சுடுகாட்டுக்குப் பெண்கள் வருவதில்லை. பெரியப்பா வந்து சொன்னதைத்தான் அம்மா நம்பினாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் பூலாம்பாடியில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். நான் போனால் எழுந்து உள்ளே போவாள். “அவன் கையால எனக்கு ஒண்ணும் வேணாம்” என்று தங்கையிடம் சொல்வாள்.

நாலு வருஷம் கழித்து அந்தக் கையால் சட்டைப் பொத்தான்கூடப் போட முடியவில்லை. திருச்சியில் ஒரு டாக்டர் இரண்டு கைகளையும் தூக்கி, விரல்களை மூடி மூடித் திறக்கச் சொன்னார். அரை நிமிஷத்தில் இடது கை தானாக இறங்கிவிட்டது. பிறகு கழுத்தோரம் அறுத்துப் பார்த்தார்கள். அவர் சொன்னதில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: எல்லாருக்கும் இருக்கிற தசைகளோடு எனக்கு மெல்லியதாக இன்னொன்று கூட இருந்திருக்கிறது, கைக்குப் போகும் நரம்பு அதில் நசுங்கிக் கிடந்திருக்கிறது.

“மூட்டை தூக்கி மோசமாயிடுச்சு. ஆனா அது பொறக்கும்போதே இருந்ததுங்க. யார் தப்பும் இல்ல” என்றார்.

தையல் பிரித்த அன்றே பூலாம்பாடிக்குப் பஸ் ஏறினேன். “நான் குடிக்கலம்மா. கை மரத்துப்போச்சு” என்று தொடங்கி, பிறக்கும்போதே இருந்த தசை வரைக்கும் சொன்னேன். அம்மா எழுந்து போகவில்லை. சட்டையை விலக்கித் தழும்பைப் பார்த்தாள்.

“பொறக்கும்போதேவா?”

“ஆமாம்மா.”

“அப்ப நான் பெத்ததுலதான் கோளாறா?”

யார் தப்பும் இல்லை என்று டாக்டர் சொன்னதை அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அவள் அழுததைப் பார்த்ததும் எனக்கு மறுபடியும் வாய் அடைத்துப்போனது. பிறகு எத்தனையோ தடவை சொன்னேன். அவள் காதில் ஏறவில்லை.

அதற்குப் பின் இரண்டு வருஷம் இருந்தாள். நான் போகும்போதெல்லாம் இடது கையை மடியில் இழுத்து வைத்து, அந்த இரண்டு விரல்களையும் எண்ணெய் போட்டுத் தேய்ப்பாள்.

“சொரணை வருதாடா?”

“வருதும்மா” என்பேன். வரவில்லை.