கரும்பலகையில் விட்டுப்போன வரி

எங்கள் பள்ளி வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. 'வரலாற்றில் இன்று' என்று தலைப்புப் போட்டு, அந்தத் தேதியில் நம் மாநிலத்தில் நடந்தவற்றைத் தினமும் காலையில் நான்தான் எழுதுவேன். செஞ்சியில் சமூக அறிவியல் வாத்தியார் என்றால் சும்மாவா! அந்த மிதப்பு எனக்கு நிறையவே இருந்தது. சாயங்காலம் அதைத் துடைப்பது பள்ளியைப் பெருக்கும் அம்மாவின் வேலை. சிங்கவரத்திலிருந்து பஸ்ஸில் வருவார்.

அக்டோபர் கடைசி நாள், பலகையைத் துடைத்துவிட்டு என்னிடம் வந்தார். மறுநாள் நவம்பர் ஒன்று, மொழிவாரியாக மாநிலம் பிரிந்த நாள்.

"சார், எங்க நைனா வாலிபத்துல திருத்தணி பக்கம் வேலைக்குப் போயிருந்தாரு. எல்லைப் போராட்டத்துல ஜெயிலுக்குப் போனாரு சார். நாளைக்கு அவரப் பத்தி ஒரு வரி எழுதுங்க. கூட்டியாந்து காட்டறேன். தொண்ணூறு ஆவப்போவுது, அடுத்த வருசம் இருப்பாரோ இன்னாவோ."

"எழுதறேன், போங்கம்மா" என்றேன்.

காலையில் சாக்பீஸை எடுத்தபோது மனசு வரவில்லை. ஆதாரம் எங்கே என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். ஆதாரமாவது மண்ணாங்கட்டியாவது! கைபேசியில் யாரோ அனுப்பிய பட்டியலை, எழுதியது யாரென்றுகூடப் பார்க்காமல் அப்படியே எழுதிவைத்தவன் நான். பெருக்குகிறவரின் அப்பாவுக்கு என் பலகையில் இடமா என்ற கொழுப்பு, வேறொன்றுமில்லை.

ஒன்பது மணிக்கு ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். பெரியவர் சலவைச் சட்டை போட்டிருந்தார். பலகையருகே போய் விரல் வைத்து வரிவரியாகப் படித்தார். கடைசி வரி முடிந்ததும் மறுபடி மேலிருந்து தொடங்கினார்.

"நம்முளுது எங்கம்மா?"

அந்த அம்மா என்னைப் பார்த்தார். ஒரு கணம்தான்.

"சார் நேத்து சாயங்காலமே எழுதித்தான் இருந்தாரு நைனா. தூசி தட்றப்ப நாந்தான் கை தவறித் தொடச்சிட்டேன்."

"புத்தி இருக்குதா உனுக்கு? எருமை!" என்று பிள்ளைகள் முன்னால் மகளைத் திட்டித் தீர்த்தார். ஐம்பது வயதுப் பெண்மணி தலைகுனிந்து நின்றார். 'இல்லை, நான்தான் எழுதவில்லை' என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

பெரியவர் என்னிடம் திரும்பிக் கைகூப்பினார்.

"நீங்க பாடுபட்டு எழுதனத எம்பொண்ணு கெடுத்துட்டா சார். மனசுல வச்சிக்காதீங்க, மன்னிச்சிடுங்க."

"பரவாயில்லைங்க" என்றேன்.