கசங்காத கோட்டுக்காரர்

செவ்வாய்க்கிழமை காலையில் டாக்டர் அந்துவானின் கம்பவுண்டர் மரியநாதன் உப்பளம் பேட்டையில் இருக்கும் என் இஸ்திரிக் கடைக்கு ஓடி வந்தார்.

"மாணிக்கம், டாக்டர் முசேவோட வெள்ளைக் கோட்டு ரெடியா?"

"காலங்காத்தால என்னண்ணே அவசரம்? முசே மறுபடியும் மாப்பிள்ளை ஆவப்போறாரா?" என்றேன். என் வாய் அப்படி, உங்களுக்குத் தெரியும்.

"அடக்கத்துக்குப் போட்டுவுடணும்டா" என்றார்.

நான் சிரித்தபடியே நின்றேன். வாயை மூட வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. போன வியாழக்கிழமைகூட டாக்டர் இதே இடத்தில்தான் நின்றார். யாருக்கோ சீழ்க்கட்டி கீறும்போது கத்தி பட்டதென்று விரலில் கட்டுப் போட்டிருந்தார். "வெள்ளைக்காரன் மாதிரி விரலுக்கும் தொப்பியா முசே?" என்றதற்கு விழுந்து விழுந்து சிரித்தார். மறுநாள் விரலிலிருந்து முழங்கை வரை சிவப்பாக ஒரு கோடு ஓடியிருக்கிறது. அதை மரியநாதனிடம் காட்டி, "இது அக்குளுக்குப் போச்சுன்னா மாதாகோயில் சாமியாரைக் கூப்புடு" என்றாராம். போய்விட்டது. ஊரார் தோலையெல்லாம் பார்த்துப் பார்த்து நோய் சொன்னவர், தன் கையையும் சரியாகத்தான் பார்த்திருக்கிறார். சீழின் விஷம் ரத்தத்தில் அப்படிக் கோடாக ஏறுவதை நிறுத்தத்தான் மருந்து இல்லையாம். எனக்கு இன்னும் நம்ப முடியவில்லை.

கடைத்தெரு ஜவுளிக்காரர் என்னோடு சண்டைக்கு வந்தது பலருக்கு நினைவிருக்கும். அவர் பிடரியில் கட்டிமேல் கட்டியாக வந்துகொண்டிருந்தது. "நீ காலர்ல கஞ்சியைக் கொட்டறதாலதான்டா கழுத்து புண்ணாவுது!" என்று தெருவே கேட்கக் கத்தினார். அப்போது அங்கே வந்த டாக்டர் அவர் சட்டையை விலக்கிப் பார்த்தார்.

"தாகம் நெறைய எடுக்குதா? ராத்திரி அடிக்கடி எழுந்து போறீங்களா?"

"அதுக்கும் கழுத்துக்கும் என்ன முசே?"

"கஞ்சி மேல குத்தம் இல்ல. நாளைக்கு மூத்திரம் கொண்டாங்க, சர்க்கரை இருக்குதான்னு பாக்கணும்."

இருந்தது. டாக்டர் என்னிடம் பிறகு சொன்னார்: "தோலுக்கு ரகசியம் தங்காதுடா. உள்ள நடக்கறத வெளிய வந்து கோள் சொல்லிடும்."

என் தோல் மட்டும் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. கொதிக்கிற இஸ்திரிப் பெட்டியின் அடியை இடது கை விரல்களால் தடவிக் காட்டி, "அக்கினி பகவான் எனக்கு மச்சான்!" என்று நான் வேடிக்கை காட்டுவேன். எல்லாரும் கைதட்டுவீர்கள். ஒரு நாள் டாக்டர் அதைப் பார்த்தார். அவர் சிரிக்கவில்லை. கூட்டம் போனபின் என் சட்டைக் கையை மடித்துவிட்டார். முன்கையில் வெளுப்பாக ஒரு தேமல். கண்ணை மூடச் சொன்னார்.

"எங்க குத்தறேன், சொல்லு."

"நீங்க இன்னும் குத்தவே இல்லியே முசே."

கண்ணைத் திறந்தேன். தேமலின்மேல் குண்டூசி நின்றது. பக்கத்தில் ஒரு சொட்டு ரத்தம்.

"உன் மச்சான் உன் விரலைத் தின்னப் பாக்கறான் மாணிக்கம். இது குஷ்டம்."

"கடையை மூடணுமா?" என்று மட்டும் கேட்டேன். ஊருக்குத் தெரிந்தால் யார் துணி கொடுப்பார்கள்? நானும் பிள்ளைகளும் எங்கே போவோம்?

"உனக்கு வந்திருக்கற வகை அடுத்தவங்களுக்கு ஒட்டாது. தொழிலை வுடாதே. ஆஸ்பத்திரிக்கு நீ வந்தா நாலு பேர் பாப்பாங்க. நான் வரேன்."

அதன்பின் வாரம் தவறாமல், இஸ்திரிக்கு என்று சொல்லிக் கோட்டை எடுத்துக்கொண்டு வந்தார். அதில் ஒரு சுருக்கமும் இருக்காது. கடைக்குப் பின்னால் சாக்குத் திரையை இழுத்துவிட்டு, குஷ்டத்துக்கான நீரடிமுத்து எண்ணெயை ஊசியில் ஏற்றிப் போடுவார். அந்தக் கெட்டி எண்ணெய் உள்ளே இறங்கும்போது கத்தாமல் இருக்கத் துணியைக் கடித்துக்கொள்வேன். "மத்தவனுக்கு வலி வந்து சொல்லும். உன் கைக்கு நீதான் கண்ணு. கடை மூடறப்ப விரல் விரலா பாரு" என்பார். வருஷக்கணக்கில் இப்படி நடந்தது. தேமல் பரவாமல் நின்றது.

ஊரில் அவருக்குக் 'கசங்காத கோட்டு' என்று பெயர் வைத்தீர்கள். "முசேவுக்கு வாரத்துக்கு ஒரு மினுக்கு!" என்று மரியநாதன்கூடக் கேலி செய்தார். "ஆமா, எனக்கு மடிப்பு மேல மோகம்" என்று அவர் ஒப்புக்கொண்டுவிடுவார். கேலிக்குப் பேர்போன நான் மட்டும் அப்போது பெட்டிக்குக் கரி ஊதிக்கொண்டிருப்பேன்.

கல்லறையில் மண் போடும்போது எனக்குப் பின்னால் ஒருவர், "கடைசி வரைக்கும் கோட்டுல சுருக்கம் இல்ல பாரு, சொகுசுக்கார மனுஷன்" என்றார். அதைக் கேட்ட பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. ஊராருக்கு இதை எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இதைப் படித்தபின் எனக்குத் துணி போட மனம் வந்தால் போடுங்கள். வராவிட்டாலும் உங்கள்மேல் வருத்தமில்லை. அவரைச் சொகுசுக்காரர் என்று மட்டும் இனி யாரும் சொல்ல வேண்டாம்.

அவர் எனக்கு விட்டுப் போனது இந்தக் கைகள்தான். இன்று சாயந்திரமும் கடையை மூடிவிட்டு விளக்கடியில் விரல் விரலாகப் பார்த்தேன். பத்தும் இருக்கின்றன.