என் சேலை குடித்த இன்சுலின்

என் இடுப்பில் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. இன்சுலின் பம்ப். அதிலிருந்து வரும் மெல்லிய குழாயின் நுனி வயிற்றுத் தோலுக்குள் இறங்கியிருக்கும். அதை அசையாமல் பிடித்து வைப்பது ஒரு ஸ்டிக்கர். என் உடம்பு சொந்தமாக இன்சுலின் சுரக்காது. நுனி வெளியே வந்துவிட்டால் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்து. போயும் போயும் ஒரு ஸ்டிக்கரை நம்பி என்னை விட்டிருக்கிறார்களே என்று எனக்கு எப்போதும் வியப்புதான்.

நாசரேத்துப் பக்கத்துக் குடும்பம் எங்களுடையது. ஞாயிறு ஆராதனைக்கு முந்தின நாள் எண்ணெய்க் குளியல் தவறாது. மில்லர்புரத்துக்கு வந்த பிறகும் நான் அதை விடவில்லை. அந்தச் சனிக்கிழமையும் குளித்துவிட்டு, சீயக்காய் தேய்த்த தோல்தானே என்று ஸ்பிரிட்டால்கூடத் துடைக்காமல் புது ஸ்டிக்கரை ஒட்டினேன்.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் கோயிலில் அசன விருந்து. வீடு திரும்பியபோது சர்க்கரை எகிறியிருந்தது. ஆட்டுக்கறியைத் திட்டிக்கொண்டே பம்பில் கூடுதல் மருந்து கொடுத்தேன். இறங்கவில்லை. மறுபடியும் கொடுத்தேன். மருந்து போய்விட்டது என்றுதான் பம்ப் காட்டியது. எனக்குக் குமட்டியது.

"ஏளா, உன்கிட்ட ஆஸ்பத்திரி வாசன அடிக்கே," என்றார் கணவர்.

"ஆமா, கறியில டெட்டால் ஊத்திட்டாவ," என்று வெடுக்கென்று சொன்னேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. இன்சுலினுக்கே அந்த வாசனைதான். சேலையை விலக்கினேன். ஸ்டிக்கரின் ஓரம் எண்ணெய்த் தோலில் வழுக்கிக் கிளம்பி, நுனி வெளியே கிடந்தது. கொசுவம் நனைந்திருந்தது. என் சேலைக்குச் சர்க்கரை வியாதி இருந்திருந்தால் அன்றைக்கு அடங்கியிருக்கும்.

பயந்துபோனேன். ஊசியில் மருந்து போட்டுக்கொண்டு, வேறு இடத்தில் குழாயும் ஸ்டிக்கருமாகப் புது செட் ஒட்டிவிட்டு, ஆஸ்பத்திரி சிஸ்டருக்குப் போன் செய்தேன்.

"மருந்து போயிட்டுன்னு காட்டுச்சே சிஸ்டர்?"

"பெட்டிய விட்டுப் போனதுதான்க்கா அதுக்குத் தெரியும். எங்க போய்ச் சேந்துச்சுன்னு தெரியாது. குமட்டல் நிக்கலைன்னா ஒடனே வந்துருங்க."

சாயங்காலத்துக்குள் சர்க்கரை இறங்கியது. அப்புறம்தான் கணவர் மெதுவாகச் சொன்னார்: "பந்தியிலயே அந்த வாசன அடிச்சுது. கை கழுவுற எடத்துல மருந்து போட்டிருக்காவன்னு நெனச்சேன்."

இப்போதெல்லாம் கோயிலுக்குக் கிளம்பும்போது வாசலிலேயே குனிந்து என் வயிற்றருகே மோந்து பார்க்கிறார்.

"எதுத்த வீட்டுல பாக்காவ."

"பாத்துட்டுப் போட்டும். சும்மா நில்லு."

"ஒண்ணுமில்ல, வா" என்று அவர் சொல்லும்வரை நானும் அசையாமல் நிற்கிறேன்.