பத்துக்கு மூணு

ராணுவத்தில் இருந்த பதினேழு வருஷத்தில் சத்தியதாஸ் ஒருமுறைகூட மருத்துவப் பரிசோதனையில் தோற்றதில்லை. அதே படைப்பிரிவில் இருந்த தாணுமாலையன் மூட்டுவலி என்று சொல்லி ஸ்டோர் வேலைக்கு மாறிக்கொண்டார். அங்கே இருந்தபடியே ஹவில்தாராகவும் ஆனார். மலை ஏறி இறங்கிய சத்தியதாஸ் அதற்கு ஒரு படி கீழே, நாயக்காகவே ஓய்வு பெற்றார். அந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை. இப்போது இருவருமே திருவனந்தபுரத்தில் செக்யூரிட்டி. சத்தியதாஸ் தம்பானூரில் ஒரு லாட்ஜ் வாசலில் நாள் முழுக்க நிற்கிறார். தாணுமாலையன் பழவங்காடியில் ஒரு நகைக்கடையில். அங்கே உட்கார நாற்காலி உண்டு.

அந்தத் தாணுமாலையன் ஒரு திங்கட்கிழமை புது ஷூ போட்டுக்கொண்டு லாட்ஜ் வாசலுக்கு வந்தார். ஒன்றைக் கழற்றி நீட்டினார்.

"உள்ள அமுக்கிப் பாரும்வே. பஞ்சு மாதிரி இல்லையா? சர்க்கரைக் காலுக்குள்ளதாக்கும். நம்ம ஆஸ்பத்திரி டாக்டரம்மா எழுதித் தந்தாங்க. கால் பங்கு வெலதான் நம்ம கையிலேருந்து."

நம்ம ஆஸ்பத்திரி என்றால் முன்னாள் ராணுவத்தினருக்கானது. சத்தியதாஸும் ஆறு வருஷமாக அங்கேதான் சர்க்கரைக்கு மாத்திரை வாங்குகிறார். அவருக்கு யாரும் ஷூ எழுதவில்லை.

"கொள்ளாம், மோசமில்ல," என்றார், வயிறு எரிய. "பொம்பளைங்க போடுகது மாதிரி இருக்கு."

சாயங்காலம் வீட்டில் அவர் காலுறையைக் கழற்றியபோது அடியில் ரத்தக்கறை. மனைவி ஜெயபாய் பாதத்தைத் திருப்பிப் பார்த்தாள். காலுறைக்குள் எப்படியோ புகுந்திருந்த, நோட்டீஸ் போர்டில் குத்துகிற பின் ஒன்று தலை வரைக்கும் உள்ளே ஏறியிருந்தது.

"இதை மிதிச்சிட்டா நாள் முழுக்க நின்னீங்க? தெரியல்லியா?"

"சின்ன பின்னு, அது கெடக்கட்டும். அவனுக்கு எப்பிடிக் கிட்டிச்சு அந்த ஷூ? அதைச் சொல்லு."

வியாழக்கிழமை கணவனும் மனைவியும் ஷூ கேட்க ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மாத்திரை வாங்க வந்திருந்த தாணுமாலையன் கூடத்தில் புது ஷூ தெரியும்படி காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். சத்தியதாஸ் பார்க்காதவர் மாதிரி உள்ளே போனார்.

டாக்டர் அஜிதா அவரைப் படுக்கவைத்துக் கண்ணை மூடச் சொன்னார். தூண்டில் நரம்பு போன்ற ஓர் இழையால் உள்ளங்காலில் பத்து இடத்தில் தொட்டுப் பார்ப்பார்.

"தொடறது தெரிஞ்சா 'உண்டு'ன்னு பறயணும், கேட்டோ."

"உண்டு மேடம்." பத்துமுறை, ஆஜர் சொல்வதுபோல விறைப்பாகச் சொன்னார்.

"பத்துக்குப் பத்து. நல்ல கால். ஸ்பெஷல் ஷூ ஒண்ணும் வேண்டா."

ஜெயித்த சந்தோஷம் கதவு வரைக்கும்கூட வரவில்லை.

"எத்தனைவே?" என்றார் வெளியே தாணுமாலையன்.

"பத்து. ஒமக்கு?"

"மூணு."

"மூணு தெரிஞ்சவனுக்கு ஷூ, பத்தும் தெரிஞ்சவனுக்கு ஒண்ணுமில்ல! ஹவில்தார்னா இங்கயும் தனி மரியாதையாக்கும்!"

"தெரியாத காலுக்குத்தாம்வே ஷூ. ஓட்டப்பந்தயம்னு நெனச்சீரா?"

ஜெயபாய் கணவரைத் தூணோரம் இழுத்துக்கொண்டு போனாள்.

"பின்னு குத்தினது தெரியல்ல, நூலு தொட்டது மட்டும் தெரிஞ்சுதோ?"

சத்தியதாஸ் சுவரைப் பார்த்தார். "அவங்க குனியும்போ ஸ்டூலு கிறீச்சுன்னு சத்தம் போடும். அதைக் கேட்டுதான் சொன்னேன்."

"யாரை ஏமாத்த?"

"டெஸ்டுன்னா தோக்கச் சொல்லுகியா? அதுவும் அவன் முன்னால?"

"ஜெயிச்சிட்டு நில்லுங்க லாட்ஜ் வாசல்ல. புண்ணு வந்து காலை எடுத்தா ஒங்களுக்கும் நாற்காலி கிட்டும், சக்கரம் வச்சது."

அவர் பதில் சொல்வதற்குள் அவள் டாக்டரின் கதவைத் திறந்துவிட்டாள்.

பின் குத்தியதை அவள் சொன்னதும் சத்தியதாஸ் மறுபடியும் கண்ணை மூடிப் படுத்தார். ஸ்டூல் கிறீச்சிட்டது.

"உண்டு."

"நான் தொடவே இல்லல்லோ, அங்கிளே."

டாக்டர் ஸ்டூலைத் தள்ளிவிட்டு நின்றபடியே தொட ஆரம்பித்தார். சத்தியதாஸ் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தார். மின்விசிறிச் சத்தம் மட்டும்தான். வெகுநேரம் கழித்து இடது குதிகாலோரம் எறும்பு ஊர்ந்த மாதிரி ஏதோ ஒன்று.

"உண்டு," என்றார். இந்தமுறை குரலில் விறைப்பு இல்லை.

"ஒண்ணே ஒண்ணு," என்று டாக்டர் எழுத உட்கார்ந்தார். "இனி வீட்டுக்குள்ளகூட வெறுங்கால் பாடில்ல, கூடாது."

சத்தியதாஸ் சீட்டோடு வெளியே வந்ததும் தாணுமாலையன் அதை வாங்கிப் படித்தார். முகம் மாறியது.

"ஒமக்கு உள்ள மெத்தை கனமாட்டு எழுதியிருக்குவே. எனக்கு இது எழுதல்லியே?"

வேறொரு நாளாக இருந்தால் அந்த முகத்தை வைத்தே சத்தியதாஸ் ஒரு மாதம் சந்தோஷமாக இருந்திருப்பார். இப்போது பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஒமக்குத் தெரிஞ்ச மூணு எடமும் எங்கவே?"

"என்னத்துக்கு?"

"காட்டும்."

தாணுமாலையன் ஷூவைக் கழற்றிப் பாதத்தைத் தூக்கி முழங்கால்மேல் வைத்தார். குதிகாலில் ஒன்று, வெளி ஓரத்தில் ஒன்று, பெருவிரலுக்கு அடியில் ஒன்று. சத்தியதாஸ் பெருவிரலுக்கு அடியில் நகத்தை வைத்து அழுத்தினார்.

"ஆ! நோவுதுவே!"

தன் காலுக்குத் தெரியாத அந்த நோவைத் தாணுமாலையன் முகத்தில் பார்த்தபடி சத்தியதாஸ் இன்னும் அழுத்தினார்.