நாங்களே உங்களை அழைப்போம்

அந்த வாக்கியத்தை எழுதியது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கண்டியில் ஒரு மருத்துவக் காப்புறுதித் திட்டத்தின் அங்கத்தவர் சேவைப் பிரிவில் தமிழ் அழைப்புகளை எடுப்பது என் வேலை. பலாபத்வலயிலிருந்து விடிகாலை பஸ். பகல் முழுக்கக் காதில் ஹெட்செட். இறங்கும்போது கண்டக்டர் ஏதாவது கேட்டால்கூட, 'நான் உங்களுக்கு எவ்வாறு உதவலாம்' என்று வாய் தானாகப் போகும். ஆனாலும் சேர்ந்த புதிதில் எனக்கு அப்படி ஒரு வேகம். நாங்கள் வாசித்த பதில்களை எல்லாம் யாரோ அகராதியைப் பார்த்து எழுதியிருந்தார்கள். 'தங்களது விண்ணப்பம் செயன்முறையில் உள்ளது' என்றால், 'அப்படின்னா என்னங்க?' என்று மறுமுனை கேட்கும். அதை விளக்கி முடிப்பதற்குள் திரையில் நிமிடக் கணக்கு சிவப்பாகிவிடும்.

ஒரு மதியம் சாப்பாட்டுப் பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மாற்றி எழுதினேன். 'உங்கள் கோரிக்கை எங்கள் கவனத்தில் இருக்கிறது. நீங்கள் லைனில் காத்திருக்க வேண்டியதில்லை. நாங்களே உங்களை அழைப்போம்.'

கேட்டவர்கள் நன்றி சொல்லிவிட்டு வைத்தார்கள். மேலாளர் அதை எல்லோர் திரையிலும் ஏற்றச் சொன்னார். எனக்குப் பின் சேர்ந்த ஒரு தங்கச்சிக்கு, 'இருக்கிறது' என்றதும் ஒரு மூச்சு விட்டு அடுத்ததைச் சொல்ல வேண்டும் என்றுகூடப் பழக்கினேன். அதற்குப் பிறகும் ஒருவர் வைக்காமல் இருந்தால், அனுமதி கொடுக்கும் மேசைக்கு மாற்றிவிட வேண்டும் என்று ஒரு விதி உண்டு. அதற்கு வேலையே வரவில்லை. அவ்வளவு மரியாதையாகச் சொன்ன பிறகு யார்தான் லைனைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்?

அம்மா தேயிலை பெக்டரியில் சலிக்கிற அறையில் இருபது வருடம் வேலை செய்தவர். வேலையை விட்டும் தூள் நெஞ்சை விடவில்லை. போன மாரியில் சாதாரணச் சளித் தடிமன் என்று தொடங்கியது இழுப்பாகி, மாத்தளை ஆஸ்பத்திரியில் இரண்டு வாரம், மூக்கில் ஒட்சிசன் குழாய். கிளினிக் டொக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். "இன்னொரு தடவை இப்படி வந்தா இந்த நெஞ்சு தாங்காது. மழைக்கு முன்னாடி ஃப்ளூ ஊசி போட்டுடுங்க."

இந்த முறை பார்மசிகளில் அந்த ஊசி இல்லை. ஏறாத கடை இல்லை. எங்கள் திட்டம் மட்டும் அங்கத்தவர்களுக்கென்று கொஞ்சம் எடுத்து, ஒரு சனிக்கிழமை மாத்தளை டவுனில் ஒரு மெடிக்கல் சென்டரில் போட ஏற்பாடு செய்திருந்தது. காசு நீட்டினாலும் வெளியாளுக்குக் கிடையாது. பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். நான் ஒரு மாதத்துக்கு முன்பே அம்மாவை என் காப்புறுதியில் சேர்க்கப் பத்திரங்களை அனுப்பியிருந்தேன். 'கிடைத்தது' என்று செய்தியும் வந்தது.

"நான் உள்ளுக்கே வேல செய்றேன். நீங்க பேசாம வாங்கம்மா" என்று கூட்டிப் போனேன்.

எங்களுக்கு முன்னால் நாவுலயிலிருந்து வந்த ஒரு பெரியவர், தலையில் வெள்ளைத் தொப்பி, கையில் மகனின் கம்பனி கொடுத்த காப்புறுதி அட்டை. நர்ஸ் பட்டியலை இரண்டு தரம் மேலிருந்து கீழே பார்த்தார்.

"பேர் இல்லையே. ஒபிசுக்கு கோல் எடுத்துப் பாருங்க. பன்னெண்டுக்கு வேன் வரும், நான் பெட்டிய கட்டிடுவேன்."

பெரியவர் பெஞ்சில் உட்கார்ந்து ஸ்பீக்கரைப் போட்டு அழைத்தார். நான் பழக்கிய அந்தத் தங்கச்சியின் குரல். விவரம் கேட்டாள், தேடினாள், பிறகு என் வாக்கியத்தைச் சொன்னாள். 'இருக்கிறது' என்றதும் ஒரு மூச்சு. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நிமிடம் எனக்குப் பெருமையாக இருந்தது.

"நல்ல மரியாதயான புள்ள" என்றார் பெரியவர், அம்மாவைப் பார்த்து. "அவங்களே எடுப்பாங்களாம்."

"அப்ப கட்டாயம் எடுப்பாங்க, நானா. போயி சாப்பிட்டுட்டு இருங்க" என்றார் அம்மா, தன் அண்ணனிடம் பேசுவதுபோல.

அவர் குடையை எடுத்துக்கொண்டு நாவுல பஸ்ஸுக்குப் போனார். நர்ஸ் என் அட்டையை வாங்கினார். விரல் மேலிருந்து கீழே போயிற்று. மறுபடி மேலே வந்தது.

"அம்மாட பேரும் இல்ல."

பதினொன்று இருபது. நான் எங்கள் இலக்கத்தையே அழுத்தினேன். தமிழுக்கு மூன்றை அழுத்தச் சொன்னது, அழுத்தினேன். வரிசையில் ஆறாவது ஆள் நான் என்றது. 'உள்ளுக்கே வேல செய்றேன்' என்று சொன்ன வாயை மூடிக்கொண்டு பாட்டைக் கேட்டேன். அம்மா தனக்கும் கேட்க வேண்டும் என்று சைகை காட்ட, ஸ்பீக்கரைப் போட்டேன்.

"அக்கா, நீங்களா?" என்றாள் தங்கச்சி.

"அம்மா பேரு லிஸ்ட்ல இல்ல. பாரு."

"உங்க பிறப்புச் சான்றிதழ இன்னும் யாரும் தொறந்தே பாக்கல அக்கா. 'சரிபார்ப்பில்'னு கெடக்கு."

"பன்னெண்டுக்குப் பெட்டி போயிரும்."

அழைப்பு பதிவாகிறது என்பது அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். குரல் நேரானது. "உங்கள் கோரிக்கை எங்கள் கவனத்தில் இருக்கிறது." மூச்சு. "நீங்கள் லைனில் காத்திருக்க வேண்டியதில்லை. நாங்களே உங்களை அழைப்போம்."

அம்மா எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டார். "அதான் அவங்களே கூப்பிடுறாங்கன்னு சொல்லுதே அந்தப் புள்ள. வா, பஸ்ஸ விட்டுறப் போறோம்."

"கூப்பிட மாட்டாங்கம்மா."

"ஏன், பொய்யா சொல்லும்?"

பொய் இல்லை. அழைப்போம், ஒரு வாரமோ பத்து நாளோ கழித்து. அந்த நேரத்தில் பெட்டி எங்கே இருக்கும் என்று வாக்கியம் சொல்லாது. சொல்லாதபடிதான் எழுதியிருந்தேன்.

"நான் வைக்கப் போறதில்ல தங்கச்சி."

"அக்கா, எனக்கு செவப்புல காட்டுது."

"காட்டட்டும்."

"மெனேஜர் சேர் பாக்குறாரு அக்கா."

"பாக்கட்டும். நான் வைக்கல. மேசைக்கு மாத்து."

விசைப்பலகையில் ஏதோ தட்டும் சத்தம் கேட்டது. பிறகு ரகசியம் போல, "மாத்துறதுக்கு எந்த பட்டன் அக்கா? நான் ஒருநாளும் அமுக்கினதில்ல."

அதை மட்டும் நான் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவே இல்லை. ஸ்பீக்கரில், அம்மா கேட்க, சொன்னேன்.

மேசையில் இருந்தவர் கோப்பைத் திறந்து, சான்றிதழைப் பார்த்து, சரி போடுவதற்குள் நான் ஒரு தேத்தண்ணீர்கூடக் குடித்து முடித்திருக்க மாட்டேன். பதினொன்று ஐம்பதுக்கு நர்ஸின் போன் ஒலித்தது. அம்மா ஜாக்கெட் கையை மேலே ஏற்றினார். ஊசி இறங்கி ஏறியதும், "இவ்வளவுதானா? இதுக்கா அந்தப் புள்ளகிட்ட சண்ட புடிச்ச?" என்றார்.

பெட்டியில் இன்னும் சில குப்பிகள் இருந்தன. நாவுலப் பெரியவரின் இலக்கம் இருக்கிறதா என்று நர்ஸிடம் கேட்டேன்.

"பட்டியல்ல இருந்தாத்தானே, மிஸ், நம்பர் இருக்கும்?"

வாசலுக்கு ஓடிப் பார்த்தேன். அந்தப் பஸ் போய் அரை மணித்தியாலம் ஆகியிருந்தது. வேன் வந்தது, பெட்டியை ஏற்றியது.

அம்மாவுக்குக் கை இரண்டு நாள் வலித்தது. நெஞ்சு நன்றாக இருந்தது.

திங்கட்கிழமை இடத்தில் உட்கார்ந்ததும் சனிக்கிழமை அழைப்புகளில் தேடினேன். நாவுல, பதினொன்று பத்து. அவருடைய கோப்பும் திறக்கப்படாமல்தான் இருந்தது. மேசைக்கு அனுப்பினேன், மத்தியானத்துக்குள் சரி வந்துவிட்டது. ஊசிதான் இல்லை. மிச்சக் குப்பிகளை ஞாயிறே வேறு ஊரில் போட்டு முடித்துவிட்டார்கள். அடுத்தது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதைச் சொல்லவாவது வேண்டும் என்று அழைத்தேன். வெளியே மழை பிடித்திருந்தது.

முதல் மணியிலேயே எடுத்தார். போனைக் கையிலேயே வைத்திருந்திருக்க வேண்டும். எங்கிருந்து பேசுகிறேன் என்று சொன்னதும் குரல் மலர்ந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்! பாத்தீங்களா, சொன்ன மாதிரியே எடுத்துட்டீங்களே மகள்." கொஞ்சம் இருமினார். "எப்ப வரணும்?"