சத்தத்தை அணைத்துவிட்டு வாங்கிய பியானோ

செவ்வாய்க்கிழமை சாயங்காலம். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வீட்டு கேட்டுக்கு வெளியே நடந்துகொண்டிருந்தேன். கேட்டிலிருந்து விளக்குக் கம்பம் வரை. அங்கிருந்து திரும்பவும் கேட் வரை. எதிர்வீட்டு அம்மா இரண்டு முறை ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டார். திருடன் என்று நினைத்தாரோ என்னவோ...

உள்ளே என் மகள் சுமதிக்குப் பியானோ வகுப்பு. சனிக்கிழமை அவளுக்குப் பரீட்சை. இந்த ஞாயிறு இதழ் உங்கள் கைக்கு வரும்போது அது முடிந்திருக்கும். எழுதிக்கொண்டிருக்கிற எனக்கு இன்னும் முடியவில்லையே! அன்றைக்குக் கால் ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்றது.

உள்ளே போய் உட்கார்ந்தால் என்ன? உட்காரலாம்தான். டீச்சரும் கூப்பிடுவார். ஆனால் என்னைப் பற்றித்தான் உங்களுக்குத் தெரியுமே... மினி பஸ்ஸில் மணியை அழுத்தக் கூச்சப்பட்டு, வேறு யாராவது அழுத்தட்டும் என்று காத்திருந்து, ஒரு ஸ்டாப் தள்ளி இறங்கித் திரும்பி நடந்து வருகிற ஆள் நான். மகளும் அப்படியே. வகுப்பில் பேர் வாசித்தால் உதடு அசையும், சத்தம் வராது.

இந்தப் பரீட்சைத் தவிப்பு இரண்டு மாதத்துக்கு முன்னால் இதே கேட்டில்தான் ஆரம்பித்தது. டீச்சர் யாழ்ப்பாணத்துக் குடும்பம். ஒளிவு மறைவு இல்லாமல் பேசுவார்.

"பிள்ளைக்கு நல்ல காது. விரலிலதான் பெலன் இல்லை. வீட்டில என்னத்தில பழகிறவ?"

"கீபோர்டுல டீச்சர்."

"அது விளையாட்டுச் சாமான் எல்லோ! கட்டை பாரமா இருக்க வேணும். இப்பவே மாத்துங்கோ. இல்லாட்டி இந்த முறை நான் சோதனைக்கு விடமாட்டன்."

அன்றைக்குத்தான் எனக்கு விஷயமே புரிந்தது. எங்கள் வீட்டுக் கீபோர்டில் கட்டையைத் தொட்டாலே சத்தம் வரும். பூனை நடந்தாலும் வரும். நிஜப் பியானோ அப்படி இல்லை. உள்ளே ஒரு சுத்தியல் எழும்பிப் போய்க் கம்பியை அடிக்க வேண்டும். விரல் தயங்கினால் சுத்தியலும் தயங்கிவிடும்.

வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் சுமதி சொன்னாள்: "அப்பா, டீச்சர் பியானோவுல மோதிர விரலால அமுக்குறேன். கட்டை கீழ போகுது. ஆனா ஒன்னுமே கேக்கல. எக்ஸாம்ல அந்த எக்ஸாமினர் முன்னால இப்படி ஆச்சுன்னா... நான் போகலப்பா. கிளாஸும் வேணாம்."

அவள் அத்தனை பேச்சை ஒரே மூச்சில் பேசி நான் கேட்டதில்லை. பயந்துவிட்டேன்.

நிஜப் பியானோ வாங்க எங்களுக்கு வசதி இல்லை. வாங்கினாலும் மூன்றாம் மாடிக்கு யார் தூக்குவது? கனமான கட்டை வைத்த டிஜிட்டல் பியானோ வாங்கலாம் என்றார் டீச்சர். அதில் விலை குறைந்தது எது? கோலாலம்பூர்க் கடைத்தெருவுக்குக் கிளம்பினோம். கிள்ளானிலிருந்து மச்சானும் வந்து சேர்ந்துகொண்டார் – என் மனைவியின் அண்ணன். அவருக்கு நானும் மச்சான்தான். கடையில் பேச ஓர் ஆள் வேண்டுமே!

மச்சான் பேசினார். சீனக் கடைக்காரரைவிட அதிகமாகவே பேசினார்.

"மச்சான், இங்க பாருங்க! நூறு ரிதம் இருக்கு. டிஸ்கோ இருக்கு, சம்பா இருக்கு. வெயிட்டே இல்ல, கோயில் திருவிழாவுக்குக்கூடத் தூக்கிட்டுப் போலாம்."

"கனமா இருக்கணும்னு டீச்சர்..." என்றேன்.

"கனமா வேணும்னா அம்மிக்கல்ல வாங்குங்க!"

கடைக்காரர் சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினார். "பாஸ், இனி பாகுஸ் லா!" என்று மலாயில் எல்லாவற்றையும் புகழ்ந்தார். எல்லாமே நன்றாகத்தான் இருந்தன. அவர் வாசித்தால் பிஸ்கட் டின்கூடப் பாடும். டுரியான் பழம் வாங்கப் போய், விற்கிறவரையே ஒரு சுளை சாப்பிடச் சொல்லி, 'இனிக்குதா?' என்று கேட்டால் என்ன பதில் வரும்?

நாங்கள் அல்லவா தொட்டுப் பார்க்க வேண்டும்? அப்பாவும் மகளும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றோம். ஒரு கட்டையைத் தொட்டால் கடையே திரும்பிப் பார்க்குமே!

மச்சான் அந்த நூறு ரிதம் கீபோர்டுக்கு விலை பேச ஆரம்பித்துவிட்டார். சுமதியின் முகம் சுருங்கிப்போனது. நான் கதவைப் பார்த்தேன், கூரையைப் பார்த்தேன், என் செருப்பைப் பார்த்தேன்...

அப்போதுதான் அவள் அதைச் செய்தாள். மூலையில் ஒரு கறுப்புப் பியானோ. பார்வைக்கு வைத்திருந்த பழைய மாடல். ஓரத்தில் கீறல் வேறு. அதில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற குமிழ் இருந்தது. அதை முழுக்கத் திருப்பிச் சத்தத்தை அணைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தாள்.

"சத்தமே வரலயே! கரண்ட் இல்லயா?" மச்சான் கத்தினார்.

"ரோசாக்கா?" என்று மலாயில் கேட்டுக்கொண்டே கடைக்காரர் ஓடி வந்தார், பழுதாகிவிட்டதோ என்று.

சுமதி என் காதருகே வந்தாள். "நீங்க அமுக்கிப் பாருங்கப்பா. யாருக்கும் கேக்காது."

யாருக்கும் கேட்காது! இதைவிட எனக்கு என்ன வேண்டும்? ஸ்டூலில் உட்கார்ந்து, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கட்டையை அமுக்கினேன். அது என் விரலை எதிர்த்துத் தள்ளியது. கை குலுக்கும்போது எதிராளி பிடிக்கிற பிடி போல. இடது பக்கம் போகப் போகக் கனம் கூடியது. வலது பக்கம் குறைந்தது. எழுந்து போய் நூறு ரிதத்தின் சத்தத்தையும் அணைத்துவிட்டு அமுக்கினேன். கட்டை தொபுக்கென்று விழுந்தது. பிடியே இல்லை. இசை தெரியாத எனக்கே வித்தியாசம் விளங்கிவிட்டதே! நாங்கள் வந்தது கனம் பார்க்க. கனத்தைக் காது எப்படிப் பார்க்கும்?

திரும்பி வந்து கறுப்புப் பியானோவின் முன்னால் உட்கார்ந்தேன்.

"மச்சான், அதுல மூணு சவுண்டுதான் வருதாம். மூணு! பார்க்கவும் சவப்பெட்டி மாதிரி இருக்கு."

நான் இன்னொரு கட்டையை அமுக்கிப் பார்த்தேன்.

"எந்திரிங்க மச்சான், அதான் விலை பேசியாச்சுல்ல?"

எழுந்திருக்கவில்லை. அவ்வளவுதான் என் வீரம். சுமதி என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். கடைசியில் மச்சானே சலித்துப்போய், "சரி லா, பெட்டிதான் புடிச்சிருக்குன்னா பெட்டியவே எடுங்க," என்று அதற்குப் பேரம் பேசி, ஸ்டூலையும் இலவசமாக வாங்கித் தந்தார். மச்சான் மச்சான்தான்.

வீட்டில் மனைவி சந்தனக் கிண்ணத்தோடு தயாராக இருந்தாள். புதுச் சாமான் வந்தால் பொட்டு வைக்காமல் விடுவாளா? வெள்ளைக் கட்டை ஒவ்வொன்றுக்கும் பொட்டு! மூன்றாவது கட்டையில் சந்தனம் இடுக்கில் வழியத் தொடங்கியதும், "அம்மா!" என்று ஒரு கத்தல். யார் என்று திரும்பிப் பார்த்தேன். சுமதி! மிச்சச் சந்தனம் ஸ்டூலுக்குப் போனது.

அன்றிலிருந்து தினமும் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பழகினாள். எங்களுக்குக் கேட்டதெல்லாம் டொக், டொக், டொக். மரக்கதவை யாரோ விடாமல் தட்டுவது மாதிரி. சரியாக வாசிக்கிறாளா, தப்பா? மோதிர விரல் பேசுகிறதா? யாருக்குத் தெரியும்? வாசலுக்கும் சமையலறைக்கும் நடந்து நடந்து என் செருப்புதான் தேய்ந்தது. கீழ்வீட்டு அக்கா, "என்னண்ணே, தினமும் உங்க வீட்டுல தேங்கா உடைக்கிறீங்களா?" என்று கேட்டே விட்டார்.

இப்படி டொக் டொக் மட்டுமே கேட்டவன்தான், செவ்வாய்க்கிழமை அந்தக் கேட்டுக்கு வெளியே நடந்துகொண்டிருந்தேன்.

ரயில் ஒன்று தடதடவென்று போனது. அது கடந்து போகுமுன்பே, அந்தச் சத்தத்துக்கு மேலே கேட்டது... பியானோ. ஒரு சுரம்கூட விழுங்கவில்லை. டீச்சர்தான் வாசிக்கிறாரோ? கேட்டைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். டீச்சர் ஜன்னலோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

என் கால் அப்போதுதான் நின்றது.

வகுப்பு முடிந்து டீச்சர் கேட்டைத் திறந்தார். "ரோட்டுக்குக் கேட்டதோ?"

"நல்லாக் கேட்டுச்சு டீச்சர்," என்றேன்.

"என்ன? கேக்கேல்லை. என்ன சொன்னனீங்கள்?"

சுமதிதான் திருப்பிச் சொன்னாள்.