பூஜாவின் தலைக்கு ஏறாத கூடை

மரக்காணம் உப்பளத்தில் செல்லம்மாளைத் தெரியாதவர் இல்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து உப்பு சுமக்கிறாள். அவளுக்கு ஜோடி தனகோடி. ஆண்கள் நாங்கள் பலகையால் உப்பை வாரிக் குவிப்போம். பெண்கள் ஜோடி ஜோடியாக வேலை செய்வார்கள். ஒருத்தி கூடையை நிரப்பித் தூக்கி விடுவாள், இன்னொருத்தி சுமப்பாள். கழுத்து வலித்தால் மாற்றிக்கொள்வார்கள். ஜோடி இல்லையென்றால் வேலை இல்லை. ஒருத்தி நின்றுபோனால் அவள் வீட்டிலிருந்தே இன்னொருத்தி வரவேண்டும். அது அளத்து வழக்கம்.

தனகோடி புருஷன் விட்டுப்போனவள். ஒரே மகள் பூஜா, சிஸ்டருங்க பள்ளியில் ஒன்பதாவது. தனகோடி மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவள்தான். ஆனாலும் அந்தப் பள்ளியைப் பற்றி ஆரம்பித்தால் நிறுத்த மாட்டாள். பிள்ளை இரண்டு நாள் வராவிட்டால் ஜான்சி சிஸ்டர் வீட்டுக்கே வந்துவிடுவாராம். மீட்டிங்குக்குப் போனால் "உட்காருங்கம்மா" என்று நாற்காலி போடுவார்களாம். அளத்தில் எங்களை எவன் உட்காரச் சொன்னான்?

செல்லம்மாள் சும்மா விடமாட்டாள்.

"நாற்காலிக்காரியே, கூடையை எடுடி. உம் பொண்ணு இங்கிலீஷ் பேசினா உப்பு தானா நடந்து போவுமா?"

"போவும்க்கா. நீ அது பின்னாடியே கைய வீசிக்கினு வா."

அக்னி வெயிலில் ஒருநாள் தனகோடி கூடையோடு வரப்பில் விழுந்தாள். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் உயிர் போய்விட்டது.

காரியம் முடிந்ததும் ஜான்சி சிஸ்டர் வந்தார். பூஜா ஹாஸ்டலில் இருக்கட்டும், பத்தாவது படிக்க வைப்பது எங்கள் பொறுப்பு என்று சொல்லிவிட்டுப் போனார். ஆனால் பள்ளி திறந்த அன்று காலை பூஜா வந்து நின்றது அளத்தில். அம்மாவின் முழுக்கைச் சட்டை, தலையில் சும்மாட்டுத் துணி.

"ஏம்மா, ஸ்கூலுக்குப் போகல?" என்றேன்.

"பெரியம்மாவுக்கு ஜோடி இல்லையே மாமா. எங்க வீட்லருந்துதான வரணும்?"

அவள் சொன்னதும் நிஜம். தனகோடி போனதிலிருந்து வேலை இல்லாமல் செல்லம்மாள் கரையில்தான் உட்கார்ந்திருந்தாள்.

பூஜா கூடையை நிரப்பிவிட்டுக் குனிந்தாள். "தூக்கி விடு பெரியம்மா."

செல்லம்மாள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "மாட்டேன்."

"பெரியம்மா..."

"உங்கம்மா தலையில ஏத்தி ஏத்தித்தான் அவளை அனுப்பி வச்சேன். உன் தலையில ஏத்த மாட்டேன். போடி, பெல் அடிச்சிருப்பாங்க."

"உனக்கு வேலை?"

"அனுமந்தை குப்பத்துல மீன் ஆய்ஞ்சாவது சாப்புடுறேன். போறியா, கூடையாலயே ரெண்டு போடவா?"

பூஜா தானே தூக்கிப் பார்த்தாள். முழங்காலுக்கு மேல் வரவில்லை. கூடை சரிந்து உப்பு கொட்டியது. என்னைப் பார்த்தாள். நான் பலகையைப் பிடித்தபடி தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். அழுதுகொண்டே வரப்பு வழியாக நடந்தாள். அவள் ரோட்டில் ஏறிப் பள்ளிக்கூடம் இருக்கும் பக்கம் திரும்பும்வரை செல்லம்மாள் அசையவில்லை.

பக்கத்துப் பாத்தியில் செல்லம்மாளின் மகள் விஜயலட்சுமி வேறொருத்தியோடு ஜோடி சேர்ந்து வேலை செய்துகொண்டிருந்தாள். அவளும் அதே பள்ளிதான். எட்டாவதோடு நிறுத்தி அளத்துக்குக் கூட்டிவந்து, முதல் கூடையைத் தலையில் ஏற்றிவிட்டது செல்லம்மாள். அப்போதும் சிஸ்டருங்க வீடு தேடி வந்தார்கள். இவள்தான் வாசலோடு திருப்பி அனுப்பினாள்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்ற விஜயலட்சுமி மெதுவாகச் சொன்னாள்.

"எனக்கு மட்டும் தூக்கி விட்டியேம்மா."

செல்லம்மாள் கீழே உட்கார்ந்து, கொட்டிய உப்பை இரண்டு கையாலும் அள்ளிக் கூடையில் போட்டாள். கூடை நிரம்பி வழிந்த பிறகும் போட்டுக்கொண்டே இருந்தாள்.